நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள்

தஸ்நேவிஸின் கட்டில் தலைமாட்டில் மஞ்சள் அட்டை ஒன்று தொங்கியது. அந்த வார்டில் மொத்தம் பதினெட்டுக் கட்டில். மற்ற பதினேழுக்கும் வெள்ளை அட்டைதான். மஞ்சள் அட்டையில் பெரிதாக ஒரே ஒரு வார்த்தை. நான் நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன். நீளமான வார்த்தை என்றால் ஏணி மாதிரி ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவேன். ஏறி முடித்துச் சொன்னேன்.

“விதிவிலக்கு.”

“அப்படின்னா என்னலே?”

“எல்லாருக்கும் உள்ளது உனக்கு இல்லன்னு அர்த்தம்.”

“இத எழுதித் தொங்கவிடுததுக்கு ஒரு அட்டையா,” என்றான் தஸ்நேவிஸ். “எனக்குப் பொறந்ததுலேருந்து தெரியும்.”

கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அவன் பெண்சாதி புஷ்பம், “வாயி மட்டும் நல்லா வெளங்குது,” என்றாள்.

அவள் சொன்னது சரி. வாய் தவிர மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கால் இரண்டும் விழுந்து நாலு வருஷம். வலது கையில் டம்ளரைக் கொடுத்தால் பாதித் தண்ணீர் தரைக்குப் போகும். ஒரு கண் அணைந்துவிட்டது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் நானும் அவனும் ஜோடி. மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்றாவது ஆள் முதுகில் ஏற்றிவிடுகிற வேலை. பதினாறு வருஷம் ஏற்றிவிட்டோம். பிறகு ஆளில்லாமல் தானாக ஓடுகிற கிரேன்கள் வந்தன. எங்களை வெளியே அனுப்பினார்கள். நான் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாளம் உடைக்கப் போனேன். தஸ்நேவிஸால் எங்கேயும் போக முடியவில்லை. அதற்குள் அவனுக்கு நடை பின்ன ஆரம்பித்திருந்தது.

திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் அந்த ஆய்வு மருத்துவமனைக்கு அவனைக் கூட்டிவந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐஸ் வேலை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவேன். அன்றைக்கு நான் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தபோதே டாக்டர் நிலோஃபர் வந்தார். காயல்பட்டினத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். நோயாளியிடம் பேசும்போது நின்றுகொண்டு பேசமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார்.

“அட்டை மாத்தினதுக்குக் காரணம் சொல்லணும்,” என்றார். “உங்க நோயோட பேர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு முன்னமே சொல்லியிருக்கேன். நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கும். கேபிளுக்கு ரப்பர் மாதிரி. அந்த உறையை எலி கடிச்சு வெச்ச மாதிரி ஆயிடுது. கடிக்கிறது வெளியாள் இல்லை. உடம்போட சொந்தக் காவல்காரங்க.”

“அவனுகளுக்கு என்ன கேடு?” என்றாள் புஷ்பம்.

“ஒரு வைரஸ் இருக்கும்மா. எச்சில் வழியாப் பரவும். ஒருதரம் உள்ள வந்தா சாகிறவரை போகாது. அதோட முகத்தைக் காவல்காரங்க மனசுல பதிச்சு வெச்சிருப்பாங்க. நரம்பு உறையில ஒரு துண்டுக்கும் ஏறக்குறைய அதே முகம். சில பேர் உடம்புல ஆளை மாத்தி அடிச்சிடுறாங்க.”

“பழைய ஹார்பர் கேட்டு செக்யூரிட்டி மாதிரி,” என்றான் தஸ்நேவிஸ், என்னைக் காட்டி. “நாஞ்செஞ்ச தப்புக்குக் கொம்பையாவ ரெண்டு தடவ அடிச்சிருக்கான்.”

டாக்டர் சிரித்தார். நான் கேட்டேன். “எச்சில்னா ஊரெல்லாம் இருக்குமே அம்மா. ஊருக்கே வரணுமே?”

“அதைத்தான் எல்லாரும் கேட்டாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல அந்த வைரஸ் இருக்கு. நோய் வர்றது அதுல எங்கேயோ ஒருத்தருக்கு. ஊரெல்லாம் இருக்கிறவனை எப்படிக் குற்றவாளின்னு நிரூபிக்கிறது? ஒரே வழிதான் இருந்தது. நோய் வர்றதுக்கு முன்னாடி எடுத்து வெச்ச ரத்தத்தைப் பார்க்கணும். வைரஸ் வந்தபிறகு நோய் வந்ததா, இல்லை அது இல்லாமலே வந்ததான்னு.”

அந்தப் பழைய ரத்தம் எங்களுடையது. இருபது வருஷத்துக்கு முன்னால் துறைமுகங்களிலும் மில்களிலும் சுரங்கங்களிலும் வருஷா வருஷம் முகாம் போட்டு ரத்தம் எடுத்து உறைகுளிரில் வைத்திருந்தார்கள். வேறு இடங்களில் பழைய ரத்தம் மிஞ்சியிருந்த சிலரையும் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பிற்பாடு இந்த நோய் வந்திருந்தது. நானூற்றுப் பதினோரு பேருக்கும் வைரஸ் முதலில், நோய் அடுத்து. ஒருவருக்குக்கூட வரிசை மாறவில்லை.

“உங்களுக்கு மட்டும் மாறியிருக்கு,” என்றார் டாக்டர் தஸ்நேவிஸிடம். “உங்களுக்கு முதல்ல கண்ணு மங்கினது எந்த வருஷம்னு பழைய சீட்டு இருக்கு. அதுக்கு எட்டு மாசம் கழிச்சு எடுத்த ரத்தத்துல வைரஸ் இல்லை. இன்னைக்கு எடுத்ததுல இருக்கு. அதாவது நோய் வந்தபோது உங்க உடம்புல அது இல்லை.”

“அதனால என்னம்மா?”

“துடைப்பு நிக்குது.”

துடைப்பு என்பது அவர்கள் கண்டுபிடித்த சிகிச்சை. நோயாளியின் ரத்தத்தில் இருந்தே செல்களை எடுத்துப் பழக்கி, அந்த வைரஸ் ஒளிந்திருக்கிற இடமெல்லாம் தேடித் துடைக்கும்படி திருப்பி ஏற்றுவார்கள். நூறு பேருக்குச் செய்தால் இரண்டு பேர் செத்துப்போகலாமாம். டெல்லியில் ஏழு பேர் கொண்ட குழு அனுமதி தரவேண்டும்.

“வைரஸ் இல்லாமலே ஒருத்தருக்கு நோய் வரும்னா, அதைத் துடைக்கிறதுக்காக எதுக்கு உயிரைப் பணயம் வைக்கணும்னு கேக்கிறாங்க. அவங்க கேக்கிறது நியாயம். உங்க ஒருத்தர் கேள்விக்குப் பதில் கிடைக்காம யாருக்கும் துடைப்பு கிடையாது. அதுவரை உங்களை வெளிய அனுப்பமாட்டோம். மருந்து, சாப்பாடு, அம்மாவுக்கு இடம் எல்லாம் இருக்கும்.”

தஸ்நேவிஸ் என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தான். நானும் அதே சன்னலைப் பார்த்தேன்.

தஸ்நேவிஸ் அந்த முகாம்களில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்ததில்லை.

மாசி மாதம் முகாம் நடக்கும். ரத்தம் கொடுத்தால்தான் கேட் பாஸ் புதுப்பிப்பார்கள். எதற்கு ரத்தம் என்று நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. கொடுத்தவனுக்கு ஒரு பன், ஒரு வாழைப்பழம், ஒரு பாக்கெட் பால். தஸ்நேவிஸுக்கு ஊசி ஆகாது. அவன் அம்மா டி.பி.யில் கிடந்து செத்தவள். அவனுக்கும் ஒட்டிவிட்டது என்று ஆறு வயதில் தினம் ஒரு ஊசியாக இரண்டு மாதம் குத்தியிருக்கிறார்கள். முதல் முகாமில் நர்ஸ் ஊசியை எடுத்ததுமே எண்பத்தைந்து கிலோ ஆள் அப்படியே சரிந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்து, அப்புறம் வா என்று அனுப்பினார்கள்.

துறைமுகத்தில் ஜோடிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வரவில்லை என்றால் மற்றவன் அவனுக்கும் சேர்த்து நிற்பான். பாஸை நீட்டுவான், டோக்கன் வாங்குவான், பெயர் கூப்பிட்டால் ‘உண்டு’ என்பான். மேஸ்திரிக்குத் தெரியும். வேலை நடந்தால் சரி என்று இருந்துவிடுவார். ரத்தமும் அந்த மாதிரி ஒரு காரியம் என்றுதான் நினைத்தோம். நான் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றேன். தஸ்நேவிஸ் என்றார்கள். நான்தான் என்று மற்றக் கையை நீட்டினேன். நோட்டில் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தேன்.

ஐந்து மாசி அப்படிப் போயிற்று. பன் இரண்டும் அவனுக்கு, பழம் இரண்டும் எனக்கு. “என் ரத்தத்துக்குக் குடுத்த பழத்த நீ திங்கே,” என்பான்.

டாக்டர் போனதும் புஷ்பம் பாத்திரம் கழுவ எழுந்து போனாள். தஸ்நேவிஸ் குரலைத் தாழ்த்தினான்.

“கொம்பா. வாயத் தெறந்தே, அவ்வளவுதான்.”

“அது என் ரத்தம்லே. அதுல கிருமி இல்லன்னா அது என் கணக்கு. ஒனக்கு எப்பமே இருந்திருக்கும்.”

“எனக்குத் தெரியாதா? காலுதான் போயிருக்கு. மூளை இங்கனதான் கெடக்கு.”

“சொன்னா ஒனக்கும் அந்தத் துடைப்பு கெடைக்கும்லா.”

“எப்படிலே கெடைக்கும்? பழைய ரத்தம் உள்ளவனுக்குத்தான் எல்லாம். எனக்குத்தான் பழைய ரத்தமே கெடையாதே. மஞ்ச அட்டையக் கழத்திட்டு வெள்ள அட்டையா மாட்டுவாவ? கிழிச்சுப் போட்டு வீட்டுக்குப் போன்னுருவாவ. மாசம் ஒரு ஊசி போடுதாவ பாத்தியா, நான் கண்ண மூடிக்கிட்டுப் போட்டுக்கிடுதேன், அதுனாலதான் இந்த ஒத்தக் கண்ணாவது நிக்கி. அது நின்னா புஷ்பத்தோட மூஞ்சியும் தெரியாது.”

நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன்.

“பதினாறு வருஷம் எனக்காக நின்னேல்லா. இப்பம் சும்மா நில்லு. அது போதும்.”

இரண்டு ஞாயிறு சும்மா நின்றேன்.

பக்கத்துக் கட்டிலில் சிந்துஜா என்று ஒரு பிள்ளை இருந்தது. கோவில்பட்டி. பத்தொன்பது வயது. அவள் முகாமில் ரத்தம் கொடுத்தவள் இல்லை. அவள் பிறந்தபோது தொப்புள்கொடியில் எடுத்து வைத்த ரத்தமும், பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் எடுத்ததும் இருந்தன. அதனால் பட்டியலில் அவள் பெயர் இருந்தது, வெள்ளை அட்டை இருந்தது, துடைப்பு வந்தால் அவளுக்கு உண்டு. கண் இரண்டும் மங்கிக்கொண்டு வந்தது. வார்டுக்கெல்லாம் அவள்தான் பேப்பர் படித்துச் சொல்வாள். நான் போகிற ஒவ்வொரு ஞாயிறும் பேப்பர் அவள் மூக்குக்கு ஒரு விரல் அளவு நெருங்கியிருக்கும்.

மூன்றாவது ஞாயிறு அவள் பேப்பரை என் பக்கம் நீட்டினாள்.

“அங்கிள், நீங்க படிங்க. இன்னைக்கு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது.”

நான் படித்தேன். மின்கட்டணம் உயர்வு என்பதைப் படித்து முடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

“அங்கிள், நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள அதை இன்னொரு தடவை உயர்த்திருவாங்க,” என்றாள். வார்டு முழுக்கச் சிரித்தது. தஸ்நேவிஸும் சிரித்தான். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான். என் முகத்தில் எதையோ கண்டுகொண்டான்.

“லே. வேண்டாம்,” என்றான்.

நான் பேப்பரை மடித்து அந்தப் பிள்ளை மடியில் வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

“டாக்டரம்மா, அது அவன் ரத்தம் இல்ல.”

“எது?”

“தஸ்நேவிஸ் பேர்ல நீங்க வெச்சிருக்கது. அது என் ரத்தம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எந்த வருஷத்து?”

“எல்லா வருஷத்ததும்.”

“ஏன்?”

“அவனுக்கு ஊசின்னா பயம்.”

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துடைக்காமலே உட்கார்ந்தார்.

“ஏழு மாசம்,” என்றார். “ஏழு மாசமா அந்த அஞ்சு கண்ணாடிக் குழாயை வெச்சுக்கிட்டு நாங்க பதினாலு பேர் தூங்கலை.”

“இப்பம் தெரிஞ்சிட்டுல்லா.”

“நீங்க சொல்றது தெரிஞ்சுது. டெல்லியில எப்படி நம்புவாங்க? வெச்சிருக்கிறது சீரம் மட்டும். ரத்தத்தை உறையவிட்டா மேல தெளியுமே, அந்தத் தண்ணி. எடுத்த முறையும் பழசு. யாரோடதுன்னு அதுல அடையாளம் மிஞ்சலை. ஆய்வைக் காப்பாத்த நானே ஒரு ஆளைப் பிடிச்சுட்டு வந்தேன்னுதான் சொல்வாங்க.”

“கைநாட்டு இருக்கே அம்மா. ரெண்டு பேர் எடத்துலயும் என் கட்டவிரலுதான.”

அவர் என் கையைப் பார்த்தார். இருபது வருஷ ஐஸும் கோடாலியும் போக மிச்சமிருந்த ரேகை அது. ஆனாலும் இருந்தது.

“அவன் அன்னைக்கு அவனே குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. “அதுல வைரஸ் இருந்திருக்கும். நானூத்திப் பன்னிரண்டாவது ஆளா இருந்திருப்பார். முன்னமே எல்லாருக்கும் அனுமதி கிடைச்சிருக்கும். அவருக்கும்.”

“இப்பம்?”

“பழைய ரத்தம் இல்லாதவங்களுக்கு வைரஸ்தான் முதல்ல வந்ததுன்னு காட்ட வழியில்லை, அனுமதி கேக்கவே முடியாது. நான் முயற்சி பண்றேன்.”

முயற்சி பண்ணுகிறேன் என்ற சொல்லைத் துறைமுகத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைக்கு என் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். வார்டுக்குத் திரும்பினேன். தஸ்நேவிஸ் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடந்தான். புஷ்பம், “என்னண்ணே, ஒங்க கூட்டாளி ஒருமாதிரி இருக்காவ,” என்றாள். அவளிடமும் சொன்னேன். அவள் மடித்து வைத்திருந்த துணியை எடுத்து உதறினாள், திரும்ப மடித்தாள்.

“ஊசி போடப் பயந்ததுக்கா இவ்வளவும்,” என்றாள். பிறகு, “நீங்க இனிமே வராதீங்க,” என்றாள்.

பத்து நாள் கழித்து டாக்டர் ஆள் அனுப்பி வரச்சொன்னார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம்.

“உங்க உடம்புல இன்னைக்கும் அந்த வைரஸ் இல்லை, கொம்பையா. இந்த வயசுல இந்த நாட்டுல அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. யாரோட எச்சிலும் உங்ககிட்ட வந்ததே இல்லையா?”

“சின்னதுல வந்திருக்காது,” என்றேன். “அப்பா அம்மா கெடையாது. ஆட்டுக்கெடையில வளந்தேன். ஆட்டுக்காரர் வீட்டுல தண்ணி கேட்டா மேலேருந்து கையில ஊத்துவாவ. சோறு தனிச் சட்டியில வைப்பாவ. டீக்கடையில எங்களுக்குத் தனி டம்ளரு. என்னைய யாரு கொஞ்சப்போறா, எச்சில் படுததுக்கு.”

அவர் பேனா நின்றுவிட்டது. “பெரிய ஆளான பிறகு?”

“பெறகு தஸ்நேவிஸ். ஜோடி சேந்த மொத நாளே அவன் குடிச்ச பீடியப் பாதியில என் வாயில வெச்சிட்டான். கை ரெண்டும் மூட்டையில இருந்துச்சு. நான் யாரு எவருன்னு கேக்கல. பதினாறு வருஷம் ஒரே பீடி, ஒரே டீ.”

“பதினாறு வருஷம்,” என்றார் மெதுவாக. “அப்போ ஆயிரக்கணக்கான தடவை அது உங்க வாய்க்குள்ள வந்திருக்கு. வந்து, உள்ள போகக் கதவே கிடைக்கலை. உங்க சீரத்துல ஏதோ ஒண்ணு அதை நுழைய விடலை. அது என்னன்னு கண்டுபிடிச்சா, பிறக்கிற குழந்தைக்கு ஒரு சொட்டு மருந்து. துடைப்பே வேண்டியிருக்காது.”

எனக்கு அந்தக் குழந்தைகளைப் பற்றி நினைப்பு ஓடவில்லை. என்னிடம் அவர்களுக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. வாழ்நாளில் அப்படி ஒன்று என் கையில் இருந்ததில்லை.

“என் ரத்தம் வேணும்னா எடுத்துக்கிடுங்கம்மா. எவ்வளவு வேணும்னாலும். தஸ்நேவிஸுக்குத் துடைப்பு போடணும். கட்டிலு அவனுக்கே இருக்கணும்.”

டாக்டர் என்னையே பார்த்தார். “எழுதித் தாங்க,” என்றார். “நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.”

ஒரு பக்கம் எழுத அரைநாள் ஆயிற்று. எழுதிக் கொடுத்தேன்.

நிர்வாக அதிகாரி மரியாதையான மனுஷர். உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். டாக்டர் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். அதிகாரி ஒரு பழைய நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“படிக்கத் தெரியும் இல்லையா உங்களுக்கு?”

தெரியும் என்றேன். கைநாட்டு வைத்த அந்த நாளில் எனக்கு அது வெறும் கறுப்புக் கோடு. இப்போது ஒவ்வொரு படியாக ஏறினேன். ‘இந்த ரத்தத்தையும், இதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் எதையும், எக்காலத்திலும் எவ்வித ஆய்வுக்கும் பயன்படுத்திக்கொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.’ அதற்குக் கீழே என் கட்டைவிரல்.

“நீங்க புதுசா எதுவும் தரவேண்டியதில்லை,” என்றார் அதிகாரி. “உங்க பேர்ல அஞ்சு குழாய் இருக்கு. அவர் பேர்ல அஞ்சு. பத்து இருக்கு. எங்களுக்கு ஒண்ணே போதும். அதைப் பார்த்து எவ்வளவு வேணும்னாலும் நகல் எடுத்துக்கலாம்.”

“அவன் பேர்ல உள்ளது அவன் பேர்லல்லா இருக்கு. அதுக்கு நான் சம்மதிக்கல.”

“அந்தக் கைநாட்டு உங்களுதுன்னு நீங்கதானே நிரூபிச்சுக் கொடுத்தீங்க?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு விவரத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார். காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். டாக்டர் வாசல்வரை கூடவே வந்தார். படியில் நின்று, “நான் ரெண்டு லெட்டர் எழுதியிருக்கேன்,” என்றார். அந்த ரெண்டு லெட்டருக்கும் பதில் வரவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

மறுவாரம் தஸ்நேவிஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். வராதே என்று புஷ்பம் சொல்லியிருந்தும் போனேன். அவளால் தனியாக அவனைத் தூக்க முடியாது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் தோள் என் தோளில் இடித்தது. பதினாறு வருஷம் ‘ஏ…ப்’ என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்லித்தான் எதையும் தூக்கியிருக்கிறோம். அன்றைக்கு நான் மட்டும் சொன்னேன்.

அதற்குப்பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரத்தில் அவன் வீட்டுக்குப் போவேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். குளிப்பாட்டிவிடுவேன், படுக்கை மாற்றுவேன், வந்துவிடுவேன். மூன்றாவது மாதம் அந்த ஊசி இல்லாமல் மிச்சக் கண்ணும் மங்கியது. நாலாவது மாதம் என் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் திரும்பிக்கொண்டான். புஷ்பம் மட்டும் ஒருநாள் ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் நகர்த்தினாள். அவளுக்கும் தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

டெல்லிக்காரர்கள் கைநாட்டுகளை மூன்று இடத்தில் கொடுத்துச் சரிபார்த்தார்கள். ஒரு வருஷத்து நோட்டைக் கரையான் தின்றிருந்தது. அதற்காக இரண்டு மாதம் வாதாடினார்கள். ஆறாவது மாதம் அனுமதி வந்தது. நானூற்றுப் பதினோரு பேருக்குத் துடைப்பு தொடங்கியது.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிறு காலை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. சிந்துஜா வராந்தா பெஞ்சில் அவள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். முகத்தை என் பக்கம் திருப்பினாள். பார்வை என் தோளுக்கு மேலே எங்கேயோ போயிற்று.

“மீன் வாசனை வருது,” என்றாள். “பேப்பர் அங்கிளா?”

ஆமாம் என்றேன். அவள் அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் நிலோஃபர் பிறகு சொன்னார். துடைப்பு நன்றாக வேலை செய்திருக்கிறது. அந்தப் பிள்ளை உடம்பில் ஒரு வைரஸ்கூட இல்லை. இனிமேல் நோய் ஏறாது. ஆனால் காத்திருந்த மாதங்களில் போன உறை போனதுதான். அதைத் திரும்பப் போர்த்த அவர்களிடம் ஒன்றும் இல்லை.

“ஆறு மாசம் முன்னாடி போட்டிருந்தா?” என்று கேட்டேன்.

“கேக்காதீங்க,” என்றார்.

அங்கிருந்து நேராகத் திரேஸ்புரம் போனேன். தஸ்நேவிஸைக் குளிப்பாட்டித் துடைத்துப் படுக்கவைத்தேன். இப்போது அவன் எண்பத்தைந்து கிலோ இல்லை. ஒரு கையால் புரட்டலாம். வெளியே புஷ்பம் யாருடனோ தண்ணீர் லாரிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தேன்.

“கோயில்பட்டிப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

எட்டு மாதம் கழித்து வந்த குரல். சுவரைப் பார்த்தபடிதான் கேட்டான். குரலும் குழறியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“ஒன்னத்தாம்லே கேக்கேன். துடைப்பு போட்டாவளாமே. கண்ணு வந்துட்டா?”

“வந்துட்டு,” என்றேன்.

“நல்லாவா?”

“பொடி எழுத்தெல்லாம் படிக்கா. காலையிலதான் பாத்துட்டு வாறேன். நான் படிக்குத வேகத்தக் கேலி பண்ணுதா.”

தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.

“அப்பச் சரி,” என்றான்.

பிறகு சுவர்ப்பக்கமாக நகர்ந்து படுக்கப் பார்த்தான். முடியவில்லை. நான் குனிந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் நகர்த்தினேன். கட்டில் ஓரத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் வந்தது. உட்கார்ந்தேன்.